வெஸ்ட் ஹாம் யாருடைய கழகம்?

2024 பெப்ரவரி 4

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, கிழக்கு லண்டன் உதைபந்துக் கழகமான வெஸ்ட் ஹாமைத் தொழிலாளர் கழகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒலிம்பிக் மைதானத்தில் விளையாடுகிற, பெரும் பணக்காரர்களின் கையில் இருக்கிற ஒரு பிரீமியர் லீக் அணிக்கு அந்தப் பேர் இன்னும் பொருந்துமா? கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கினார்கள் என்பதைத் தவிர அதில் இப்ப என்ன இருக்கு?"

இது ஒரே இருப்பில் எழுதி முடிக்கிற பதில் இல்லை. நேரம் கிடைக்கும்போது துண்டு துண்டாகப் போடுகிறேன்.

2024 பெப்ரவரி 4, இரவு

கேள்விக்குள்ளேயே ஒன்றைத் திருத்த வேண்டும். அந்தக் கழகத்தைத் தொழிலாளர்கள் தொடங்கவில்லை. முதலாளிதான் தொடங்கினார்.

லீ ஆறு தேம்ஸோடு சேருகிற இடத்தில் தேம்ஸ் அயன்வேர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் கம்பனி இருந்தது. இரும்பு உடலும் கவசமும் கொண்ட வாரியர் என்ற போர்க்கப்பல் 1860-இல் அங்கேதான் தண்ணீரில் இறங்கியது. 1895 ஜூனில் கம்பனியின் சொந்தப் பத்திரிகையில் ஒரு அறிவித்தல் வந்தது: உதைபந்தாட்டக் கழகம் தொடங்குகிறோம், விருப்பமானவர்கள் பேர் கொடுக்கலாம். முன்னுக்கு நின்று ஆள் சேர்த்தவர் டேவ் டெய்லர் என்ற போர்மன் (மேற்பார்வையாளர்), மத்தியஸ்தராகவும் இருந்தவர். பின்னுக்கு நின்று காசு போட்டவர் கம்பனியின் தலைவர் ஆர்னல்ட் ஹில்ஸ். ஹாரோவிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளை. 1877-இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர், இங்கிலாந்துக்காகவும் ஒரு முறை ஆடியிருக்கிறார். ஆகவே பந்து விளையாட்டு அவருக்குத் தெரியாத விஷயமில்லை.

ஆனால் ஏன் தொடங்கினார் என்பதுதான் கேள்வி. நாளைக்கு எழுதுகிறேன், காலையில் வேலை.

2024 பெப்ரவரி 5

1889-இல் இருந்து அந்தப் பக்கம் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. பெக்டன் எரிவாயுத் தொழிற்சாலையில் வில் தோர்ன் சங்கம் கட்டி எட்டு மணி நேர வேலையை வென்றெடுத்தார். அதே வருடம் துறைமுகத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம். ஹில்ஸின் தளத்திலும் வேலைநிறுத்தங்கள் வந்தன. அவர் கருங்காலிகளைக் கொண்டுவந்து வேலை செய்வித்தார். அந்தக் காயம் ஆறுவதற்குள்தான் லாபத்தில் பங்கு, எட்டு மணி நேர வேலை, இசைக்குழு, சைக்கிள் கழகம், உதைபந்துக் கழகம் எல்லாம் வருகின்றன.

ஹில்ஸை வெறும் தந்திரக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த ஆள் தொழிலாளர்களின் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே, கனிங் டவுனில், வருடக்கணக்காகத் தங்கியிருந்தவர். மது தொடமாட்டார், மாமிசமும் சாப்பிடமாட்டார். தன் ஆட்களும் அப்படியே நல்லவர்களாக வாழ வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையும் சங்கத்தின் மேல் இருந்த வெறுப்பும் ஒரே மனதில் இருந்தன. எங்கள் ஊர்களிலும் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்துவிட்டு, கூலி கூட்டிக் கேட்டவனை வேலையால் நிறுத்திய பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறோம்தானே.

2024 பெப்ரவரி 5, சற்றுப் பிந்தி

மாமிசம் என்றதும் ஞாபகம் வந்தது. தமிழ் வாசகர்களில் பலர் இந்த ஹில்ஸை ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள், யார் என்று தெரியாமல். காந்தியின் சத்திய சோதனையில் லண்டன் சைவ உணவுச் சங்கம் பற்றிய பகுதியை எடுத்துப் பாருங்கள். சங்கத்தின் தலைவர், தேம்ஸ் இரும்புத் தொழிற்சாலையின் சொந்தக்காரர் ஹில்ஸ் என்று வருகிறதே, அவர்தான் இவர். சங்கம் நடந்ததே பெரும்பாலும் அவருடைய காசில்தான் என்று காந்தி எழுதுகிறார். செயற்குழுவில் இருந்த டாக்டர் அலின்சன் கருத்தடைக்கு ஆதரவாகப் பேசினார். ஒழுக்கத்துக்கு விரோதமான ஆளைச் சங்கத்தில் வைத்திருக்கக் கூடாது என்றார் ஹில்ஸ். காந்திக்கும் அலின்சனின் கருத்து பிடிக்காது. ஆனாலும் சைவ உணவுச் சங்கத்தில் இருப்பதற்கு அது தடையில்லை என்று வாதாட எழுதிக்கொண்டு போனார். கூச்சத்தில் எழுந்து வாசிக்க முடியவில்லை, வேறொருவர் வாசித்தார். அலின்சன் தோற்றார்.

நான் இதைப் பள்ளிக்கூடக் காலத்தில் வாசித்தவன். வெஸ்ட் ஹாமைத் தொடங்கிய ஆளும் அந்தத் தலைவரும் ஒருவர்தான் என்று ஈஸ்ட் ஹாமில் வந்து குடியிருந்து பல காலத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை.

ஹில்ஸின் குணம் அந்தச் சம்பவத்தில் முழுதாகத் தெரிகிறது. காசு என்னுடையது, ஆகவே ஒழுக்கமும் என்னுடையதே. கழகத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களைக் கொண்டுவந்தது அவருக்குக் கடைசிவரை ஒப்பவில்லை.

2024 பெப்ரவரி 9

கழகத்தின் சின்னத்தில் இருக்கிற இரண்டு சுத்தியல்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரின் பேரில் "ஹாம்" இருப்பதால் "ஹாமர்ஸ்" (சுத்தியல்கள்) என்ற பட்டப்பேர், அதனால் சுத்தியல் என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தியல் கப்பல் தளத்தில் இருந்து வந்தது. கப்பலின் இரும்புத் தகடுகளைச் சேர்த்து இறுக்குகிற ரிவெட் ஆணியை அடிக்கிற சுத்தியல் அது. மைதானத்தில் பழைய ஆட்கள் கத்துவதும் "அயன்ஸ்" (இரும்புகள்) என்றுதான்.

ரிவெட் அடிப்பது என்ன வேலை என்று கொஞ்சம் சொல்கிறேன். ஒரு பெடியன் உலையில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்து எறிவான். இன்னொரு பெடியன் அதைப் பிடித்து இரும்புத் தகட்டின் துளையில் செருகுவான். உள்பக்கம் ஒருவர் பாரமான இரும்பை முட்டுக் கொடுத்துத் தலையை அழுத்திப் பிடிப்பார். வெளிப்பக்கம் இரண்டு பேர், ஒருவர் வலக்கைக்காரர், மற்றவர் இடக்கைக்காரர், ரிவெட் ஆறுவதற்குள் மாறி மாறி அடித்து முனையைப் பரத்துவார்கள். ஒருவர் தாளம் தவறினாலும் அந்த ரிவெட் பிழை. பிழைத்த ரிவெட்டை வெட்டி எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டும். கூலி அடித்த எண்ணிக்கைக்குத்தான். காது செவிடாகாமல் ஓய்வு பெற்றவர்கள் குறைவு.

சின்னத்தில் குறுக்காக நிற்கிற அந்த இரண்டு சுத்தியல்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும்தான் தெரிகிறார்கள்.

கனிங் டவுன் நிலக்கீழ் ரயில் நிலையத்தால் போகிறவர்கள் அங்கே கொங்கிறீற் சுவரில் வெட்டியிருக்கிற எழுத்துகளை நின்று வாசியுங்கள். தேம்ஸ் அயன்வேர்க்ஸின் நினைவாகச் செய்தது. தினமும் ஆயிரக்கணக்கான ஆட்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு அதைக் கடந்து போகிறார்கள்.

2024 பெப்ரவரி 10

நேற்று விட்டது. 1898 ஜூன் 21, ஹில்ஸின் தளத்தில் அல்பியன் என்ற போர்க்கப்பலைத் தண்ணீரில் இறக்குகிற நாள். அரச குடும்பத்து விருந்தாளிகள், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை, சனம் நெரிந்தது. கப்பல் சறுக்கி இறங்கியபோது எழும்பிய அலை, ஆட்கள் ஏறி நின்ற பலகைப் பாலத்தை உடைத்து அள்ளிக்கொண்டு போனது. 38 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். ஹில்ஸ் வீடு வீடாகப் போனார், சவ அடக்கச் செலவை ஏற்றார். பிளேஸ்டோவில் இருக்கிற கிழக்கு லண்டன் மயானத்தில் நங்கூரம் வைத்த நினைவுச் சின்னம் இருக்கிறது. என் நண்பர் ஒருவரின் அடக்கத்துக்குப் போனபோது தற்செயலாகக் கண்டேன்.

2024 பெப்ரவரி 14

சரி, முதலாளி தொடங்கியது எப்படித் தொழிலாளர் கழகமானது?

முதல் மைதானம் கனிங் டவுன் ஹெர்மிட் றோட்டில். முதல் பருவத்திலேயே கம்பங்களில் மின்விளக்கு கட்டி இரவில் ஆடிப் பார்த்தார்கள், பந்து தெரிய வேண்டுமென்று சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்தார்கள். 1897-இல் ஹில்ஸ் பிளேஸ்டோவில் மெமோரியல் கிரவுண்ட்ஸ் என்ற பெரிய மைதானத்தைத் தன் காசில் கட்டினார். அதில் சைக்கிள் ஓட்டப் பாதை, டென்னிஸ், நீச்சல் குளம் என்று எல்லாம் இருந்தன. இதை இப்பவே மனதில் குறித்து வையுங்கள்: பந்து பார்க்கிற சனத்துக்கும் புல்லுக்கும் நடுவில் ஓட்டப் பாதை. பெரிய மைதானம், வெறும் இருக்கைகள். இந்தக் கழகத்தின் சரித்திரத்தில் அந்த ஓட்டப் பாதை இரண்டு தடவை வந்திருக்கிறது.

1900-இல் பழைய கழகத்தைக் கலைத்து, ஜூலையில் வெஸ்ட் ஹாம் யுனைட்டட் என்று பதிந்தார்கள். கம்பனிப் பேர் போய் ஊர்ப் பேர் வந்தது. 1904-இல் அப்டன் பார்க், போலின் மைதானம். வீடுகளுக்கு நடுவில், தெரு முனையில், கடைகளோடு ஒட்டி. கப்பல் தளம் 1912-இல் மூடப்பட்டது. கழகம் இருந்தது. தொடங்கியவரின் கையை விட்டுப் போன பிறகுதான் அது சனத்தின் கழகமானது என்பது என் எண்ணம்.

ஊரும் சும்மா ஊரில்லை. 1892-இல் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதி. தொழிலாளர் வேட்பாளர்கள் பெரும்பான்மை பெற்ற முதல் நகரசபை 1898-இல் அங்கேதான். அந்த ஊரின் பேரைச் சட்டையில் போட்டுக்கொண்ட கழகம் இது.

2024 பெப்ரவரி 17

இனி நான் கண்டது.

எண்பதுகளின் கடைசியில் வந்தவன் நான். போலின் மைதானத்துக்குப் பக்கத்தில், கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் நாலைந்து பேராக இருந்தோம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் மத்தியானத்துக்குமுன் சாமான் வாங்கி வைத்துவிடுவோம். ஒரு மணிக்கெல்லாம் குதிரைப் பொலிஸ் வந்து நிற்கும். வெங்காயம் பொரிகிற மணம் சேலைக் கடைகளுக்குள்ளும் போகும். சில கடைக்காரர்கள் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நிற்பார்கள். ஆட்டம் முடிந்த பிறகு அப்டன் பார்க் ஸ்டேஷன் வாசலில் இருந்து வரிசை குவீன்ஸ் மார்க்கெட்டைத் தாண்டும். அது கலையும்வரை நாங்கள் வெளிக்கிட மாட்டோம்.

பயம் இல்லாமல் இல்லை. எழுபதுகளின் கடைசியில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற வெள்ளை இனவெறிக் கட்சியின் ஆட்கள் அந்த மைதான வாசலில் நின்று தங்கள் பத்திரிகையை விற்றவர்கள். 1980 ஜூலையில் ஈஸ்ட் ஹாம் தெருவில், பட்டப்பகலில், அக்தர் அலி பெய்க் என்ற இளைஞனை வெள்ளை இனவெறிப் பெடியன்கள் குத்திக் கொன்றார்கள். அதற்குப் பிறகு திரண்டு ஊர்வலம் போன சனம்தான் இனவெறித் தாக்குதல்களைக் கண்காணிக்கிற நியூஹாம் மொனிட்டரிங் புரொஜெக்ட் என்ற அமைப்பைக் கட்டியது. எங்களுக்கு முதல் வந்தவர்கள் நாங்கள் வரும்போது முதலில் சொன்னது எந்தத் தெருவால் போகக் கூடாது என்பதைத்தான்.

தொழிலாளர் வர்க்கம் என்ற சொல்லை யாராவது இனிக்க இனிக்கச் சொல்லும்போது எனக்கு இதுவும் சேர்ந்தே ஞாபகம் வரும். இரண்டும் ஒரே தெருவில் நடந்தவை.

2024 பெப்ரவரி 18

நேற்று எழுதியதற்கு ஒரு அக்கா, "அப்படியென்றால் அந்தக் கழகத்தை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறா. ஞாயமான கேள்வி, அக்கா.

கிளைட் பெஸ்ட் காரணமாக. பெர்முடாவில் இருந்து 1968-இல் 17 வயதில் தனியாக வந்து இறங்கியவர். கனிங் டவுன் பக்கம் சார்ல்ஸ் குடும்பத்தின் வீட்டில் தங்கினார். அந்த வீட்டு ஜோன் சார்ல்ஸும் கிளைவ் சார்ல்ஸும் கழகத்தில் ஆடிய கறுப்பினச் சகோதரர்கள், ஊர்ப் பிள்ளைகள். எதிர் ரசிகர்கள் குரங்குச் சத்தம் போட்டார்கள். சுரங்க வழியால் மைதானத்துக்குள் வரும்போது முகத்தில் அசிட் ஊற்றுவோம் என்று கடிதம் வந்தது. அன்றைக்கும் இறங்கி ஆடினார். 1972 ஏப்ரல் 1, டொட்டன்ஹாமுக்கு எதிராக கிளைட் பெஸ்ட், கிளைவ் சார்ல்ஸ், நைஜீரியாவில் பிறந்த அடே கோக்கர் மூவரும் ஒன்றாக இறங்கினார்கள். இங்கிலாந்தின் முதல் பிரிவில் ஒரே அணியில் மூன்று கறுப்பின வீரர்கள் ஆடியது அதுதான் முதல் தடவை. வாசலில் நேஷனல் ஃப்ரண்ட் பத்திரிகை விற்ற அதே மைதானம். எந்தக் கழகத்துக்கும் ஒரு முகம் மட்டும் இல்லை. எந்த முகத்தைத் தன்னுடையது என்று அது தூக்கி வைக்கிறது என்பதைப் பார்ப்பேன்.

இன்னொரு காரணம் சொந்தக் காரணம். தொண்ணூறுகளில் நான் வேலை செய்த பேக்கரியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். தகப்பன் றோயல் டொக்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என்னை முதன்முதல் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். தேத்தண்ணீரும் அவரே வாங்கித் தந்தார். ஒருவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, கிழவர் திரும்பி, "இவன் என்னோடு வந்தவன்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

2024 பெப்ரவரி 25

பந்தைப் பற்றியும் கொஞ்சம்.

பார்கிங் றோட்டில் கசெட்டாரி என்று ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. ஐம்பதுகளில் பயிற்சி முடிய கழகத்து வீரர்கள் மல்கம் அலிசன், நோயல் கான்ட்வெல், ஜோன் பொண்ட் எல்லாரும் அங்கே போய் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் மேசையில் நகர்த்தி நகர்த்தி ஆட்ட வியூகம் கதைப்பார்கள். பள்ளிப் படிப்போடு பந்துக்கு வந்த ஆட்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமல் தாங்களே யோசித்தார்கள். பார்கிங்கில் பிறந்த பொபி மூரை இளவயதில் வளர்த்தெடுத்தவர் அலிசன். 1966 உலகக் கிண்ண இறுதியில் இங்கிலாந்தின் தலைவர் மூர், நாலு கோலில் மூன்று ஜெஃப் ஹர்ஸ்ட், மற்றது மார்ட்டின் பீற்றர்ஸ். மூவரும் வெஸ்ட் ஹாம். இதைச் சொல்லாமல் ஒரு ரசிகனும் உங்களை விடமாட்டான், நானும் விடவில்லை.

1964, 1975, 1980 எஃப்.ஏ. கிண்ணம், 1965-இல் ஐரோப்பியக் கிண்ணம் ஒன்று. முதலிடம் பிடித்து லீக் வென்றதே கிடையாது. 1975 இறுதியில் எதிரணியான ஃபுல்ஹாமில் ஆடியது பொபி மூர்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. குருநகர் பாடும்மீன், பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ். எல்லாம் கடற்றொழில் செய்கிற கரையோரச் சனத்தின் கழகங்கள். இரவு கடலுக்குப் போய்வந்தவன் பின்னேரம் பூட்ஸ் கட்டுவான். அவர்களின் இறுதி ஆட்டத்தை வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தவனுக்கு அப்டன் பார்க்கின் இரைச்சல் அந்நியமாக இருக்கவில்லை.

2024 பெப்ரவரி 26

இன்னொரு லண்டன் கழகமான மில்வோலோடு இருக்கிற பகை 1926 பொது வேலைநிறுத்தத்தில் கருங்காலித்தனம் செய்ததால் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் 1906-இலேயே அப்டன் பார்க்கில் இரண்டு பக்கமும் அடிபட்டிருக்கிறது. இரண்டும் ஆற்றோரத் தொழிலாளர் அணிகள், 1910 வரை மில்வோல் லீ ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐல் ஒஃப் டொக்ஸில்தான் இருந்தது. ஒரே வேலைக்கு அடிபடுகிற பக்கத்து ஊர்கள். பகைக்கு அது காணும்.

2024 மார்ச் 2

1991-இல் கழகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 500 முதல் 975 பவுண் வரை கொடுத்துப் பத்திரம் வாங்கினால்தான் இனி பருவச் சீட்டு வாங்குகிற உரிமை. அதுவும் கிழக்கு லண்டனில், வேலையில்லாத காலத்தில். சனம் எழும்பியது. 1992-இல் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் ஒருவர் மூலைக் கொடியைப் பிடுங்கி நடு வட்டத்துக்குக் கொண்டுபோனார். பத்திரம் விலைப்படவில்லை.

2016 மே 10, போலினில் கடைசி ஆட்டம். மான்செஸ்டர் யுனைட்டடை 3-2 வென்றார்கள், வின்ஸ்டன் ரீட் தலையால் அடித்த கோல். அப்புறம் ஸ்ட்ராட்ஃபோர்ட், ஒலிம்பிக் மைதானம். 99 வருடக் குத்தகை, தொடக்க வாடகை வருடத்துக்கு 25 இலட்சம் பவுண். பந்துக்கு ஏற்றபடி மாற்றியமைக்க 32 கோடி பவுணுக்கு மேல் போனது, கழகம் கொடுத்தது ஒன்றரைக் கோடி. மிச்சம் பொதுப் பணம். நியூஹாம் நகரசபை 4 கோடி போட்டு, 2017-இல் அதை இழந்து விலகியது. அந்த நகரசபைக்கு வரி கட்டுகிறவர்களில் நானும் ஒருவன், ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைக்காரர்களும்தான். ஆகவே, தம்பி, இந்தக் கழகத்தில் எங்களுக்கு ஒரு பங்கில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

2018 மார்ச்சில் பேர்ன்லியிடம் 3-0 தோற்றபோது ஒரு ரசிகர் மூலைக் கொடியைப் பிடுங்கி நடு வட்டத்துக்குப் போனார். 1992-இல் நடந்ததை அவர் அறிந்துதான் செய்தார் என்று நம்புகிறேன். அந்தப் புதிய இடத்தில் நான் கண்ட உயிருள்ள மரபு அதுதான்.

2024 மார்ச் 3

"ஓட்டப் பாதையைக் குறித்து வையுங்கள் என்றீர்களே" என்று ஞாபகப்படுத்தியவருக்கு நன்றி. ஓம், ஸ்ட்ராட்ஃபோர்டைத்தான் சொன்னேன். மெமோரியல் கிரவுண்ட்ஸுக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் வித்தியாசம், இங்கே 62,500 இருக்கைகளும் நிரம்புகின்றன என்பது. இடம் பிழைத்தால் சனம் வராது என்று நானும் நினைத்தேன். வருகிறது. ரொம்ஃபோர்டில் இருந்து, பசில்டனில் இருந்து. துறைமுகம் 1981-இல் மூடிய பிறகு எசெக்ஸ் பக்கம் குடிபோன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் ஊருக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? நாங்களும் விட்டுவந்த ஊரின் கழகத்துக்குக் காசு அனுப்புகிறவர்கள்தானே.

2024 மார்ச் 10

தம்பியின் கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன்.

2023 ஜூன் 7, பிராக் நகரம், ஐரோப்பாவின் கொன்பரன்ஸ் லீக் கிண்ண இறுதி. பியோரென்ட்டினாவுக்கு எதிராக 90-ஆவது நிமிடத்தில் ஜரட் போவன் கோல், 2-1. 1980-க்குப் பிறகு முதல் பெரிய கிண்ணம். அடுத்த நாள் திறந்த பஸ் ஊர்வலம் எங்கே இருந்து தொடங்கியது தெரியுமா? ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்து இல்லை. பார்கிங் றோட்டும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற சந்தியில், 1966 வீரர்களின் சிலை நிற்கிற இடத்தில் இருந்து. பழைய மைதானத்தை இடித்துத் தொடர்மாடி கட்டிவிட்டார்கள், ஆனாலும் கிண்ணத்தை அங்கேதான் கொண்டுவர வேண்டியிருந்தது. நானும் போய் நின்றேன். கோழிக்கடைப் பெடியன்கள் கூரையில் ஏறி நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் ஹிஜாப் போட்ட பிள்ளைகள் கழகச் சால்வையோடு "அயன்ஸ்" என்று கத்தினார்கள். கிழவர் உயிரோடு இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

ஆனால் ஸ்ட்ராட்ஃபோர்ட் மைதானத்துக்குள் போனால் அந்தச் சந்தியில் நின்ற முகங்களை அவ்வளவாகக் காணவில்லை. நியூஹாமில் தொழிலாளர் இல்லாமல் போகவில்லை. துப்புரவு வேலை, கெயார் ஹோம், டெலிவரி, பெற்றோல் செட் இரவு வேலை, அதெல்லாம் செய்கிற சனம் நிறைந்த இடம் அது. தொழிலாளர் கழகம் என்று பழைய ரிவெட் சுத்தியலைச் சட்டையில் போடுகிற கழகம், மூன்று மைலுக்குள் இருக்கிற இந்தத் தொழிலாளர்களுக்கு எத்தனை இருக்கை, என்ன விலையில் வைத்திருக்கிறது? பேர் பொருந்துமா பொருந்தாதா என்பதற்குப் பதில் அதில் இருக்கிறது. கேட்க வேண்டியவர்களும் நாங்கள்தான். 1992-இல் பத்திரத்தை விலைப்படாமல் செய்தவர்கள் கேட்டபடியால்தான் நடந்தது.

2024 மார்ச் 16

கடைசியாக ஒன்று. கழகத்தின் சரித்திரம் எழுதியவர்கள் கிரீன் ஸ்ட்ரீட் கடைக்காரர்களிடம் ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிரீன் ஸ்ட்ரீட், பார்கிங் றோட், பிளாஷெட் றோட் பக்கம் கடை வைத்திருந்தவர்கள், வேலை செய்தவர்கள், குடியிருந்தவர்கள் ஆட்ட நாள் ஞாபகங்களை இதற்குக் கீழே எழுதுங்கள். நல்லதும் கெட்டதும். கதவை இறக்கியதா, தேத்தண்ணீர் விற்றதா, பிள்ளை சட்டை வாங்கித் தரச் சொல்லி அழுததா, எதுவென்றாலும். எந்த வருடம், எந்தத் தெரு என்பதையும் போடுங்கள். படங்கள் இருந்தால் பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள், நான் வருட வரிசையில் அடுக்குகிறேன்.